விற்றுப்போன முகூர்த்தம்

நெல்லித்தோப்பில் யூஜின் ஸ்டூடியோவுக்குள் பணம் வர வழி உண்டு, போக வழி கிடையாது என்று தெருவே சொல்லும். ஸ்டெல்லாமேரியின் காதிலும் அது விழுந்திருக்கிறது. அவள் கோபப்படவில்லை, காசில்லாத விளம்பரம் என்று எடுத்துக்கொண்டாள். படம் எடுப்பது அவள் புருஷன் யூஜின். பார்ட்டியை உட்காரவைத்து, ஆல்பம் காட்டி, விலை பேசி, அட்வான்ஸை மேஜை டிராயருக்குள் தள்ளுவது அவள். பெரிய மார்க்கெட்டில் கருவாட்டு மண்டி வைத்திருந்தவரின் மகள். நாற்றமடிக்கிற சரக்கையே ஆசைப்பட்டு வாங்கிப்போகும்படி விற்ற குடும்பத்தில் பிறந்தவளுக்கு, மாலையும் கழுத்துமாகச் சிரிக்கிற ஜோடியை விற்பது ஒரு வேலையா?

அட்வான்ஸ் விஷயத்தில் அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. கல்யாணம் நின்றுபோனால் கட்டிய பணம் திரும்பாது. அதே தேதியை வேறு பார்ட்டி எடுத்துக்கொண்டால் மட்டும் முழுசாகக் கைக்கு வரும். தேதி விலைபோகாவிட்டால் அந்த வீட்டின் அடுத்த விசேஷத்தில் கழித்துக்கொள்ளலாம். ஊரில் பல கடைகளில் முதல் பாதியோடு சட்டம் முடிந்துவிடும். பின்பாதி தன்னுடைய தாராளம் என்று ஸ்டெல்லாமேரி நம்பினாள், வருகிறவர்களையும் நம்பவைத்தாள். சட்டம் இல்லாமல் இந்தத் தொழிலும் ஓடாது. ஆவணியில் நல்ல முகூர்த்தம் கொஞ்சம்தான். ஒருவருக்குக் கொடுத்த தேதிக்கு வருகிற மற்ற எல்லோரையும் திருப்பி அனுப்பியாக வேண்டும். வாங்கிய அட்வான்ஸ் டிராயரில் படுத்துத் தூங்குவதுமில்லை. ட்ரோன்காரனுக்குக் கொஞ்சம், விழுப்புரத்திலிருந்து வரும் வீடியோக்காரனுக்குக் கொஞ்சம், ஆல்பம் போடும் லேபுக்குப் பழைய பாக்கி, மிச்சம் லென்ஸ் தவணை. பார்ட்டி தெருமுனையைத் தாண்டுவதற்குள் பணம் நாலு சட்டைப் பைக்குள் போயிருக்கும்.

ஆனி கடைசியில் ஒரு பகல்பொழுது ஜானகிராமன் வந்தார். ஆவணியில் கல்யாணம் வைத்திருந்த கவிநிலாவின் அப்பா. டாட்டா ஏஸ் வண்டி ஓட்டுகிறவர். அவருடைய அப்பா காலத்தில் பஞ்சாலையில் சங்கு ஊதினால் அந்த வீட்டில் உலை கொதிக்கும். இப்போது சங்குமில்லை, ஆலையுமில்லை, வண்டிதான் சோறு போடுகிறது. வெயிலில் வந்த மனிதர் மின்விசிறிக்குக் கீழே நிற்காமல் கதவோரம் நின்றார்.

“வாங்கண்ணா, உக்காருங்க. இன்னா, முகம் வாடிக் கெடக்குது? வெயிலா?”

“கல்யாணம் நின்னு போச்சும்மா.”

இதே வார்த்தையை இதே கதவோரத்தில் நிறைய அப்பாக்கள் சொல்லிக் கேட்டவள் ஸ்டெல்லாமேரி. நகைத் தகராறாக இருக்கும், இல்லாவிட்டால் மாப்பிள்ளைக்கு வேறு எங்கேயாவது சகவாசம் இருந்திருக்கும். முகத்தைத் தேவையான அளவுக்கு மட்டும் தொங்கவிட்டுக்கொண்டு ஆரம்பித்தாள்.

“மனச விட்டுடாதீங்கண்ணா. இது இல்லன்னா இன்னொரு எடம். அட்வான்ஸ் எங்கியும் போவாது. அதே தேதிக்கு வேற பார்ட்டி வந்துச்சுன்னா இருபத்தஞ்சாயிரத்தையும் சுளையா கையில குடுத்துடுவேன். வரலன்னாலும் அது ஒங்க பணம்தான். பாப்பாவுக்கு வேற எடம் முடிஞ்சா அதுல கழிச்சிக்கலாம். இன்னும் எவ்ளோ விசேசம் இருக்குது! வளைகாப்பு இருக்கு, பேரப்புள்ளைக்குக் காதுகுத்து இருக்கு, எதுல வேணும்னாலும்…”

“அதெல்லாம் இல்லம்மா இனிமே.”

“ஏண்ணா அப்படிச் சொல்லிக்கிறீங்க? நல்ல நாளும் அதுவுமா…”

“வயித்துல கட்டின்னு கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனோம். பாப்பா உசுரு வேணும்னா கர்ப்பப்பையயும் சேத்து எடுக்கணும்னாங்க. எடுத்தாச்சு. உசுரு இருக்குது.” ஜானகிராமன் சொல்வதை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும் என்று பழகிக்கொண்டு வந்திருந்தார். “மாப்ள வீட்டுலேர்ந்து வந்து பாத்தாங்க. பழம்லாம் வாங்கியாந்தாங்க. நல்லாத்தான் பேசுனாங்க. வழியனுப்பப் போனப்ப வாசல்ல வச்சி, இது ஒத்துவராதுங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

பேச்சை மூலதனமாகப் போட்டுக் கடை நடத்துகிறவளுக்கு அன்றைக்கு முதலுக்கே மோசம் வந்தது. வளைகாப்பு, காதுகுத்து என்று தான் அடுக்கியதெல்லாம் அந்த அறையிலேயே நின்றுகொண்டிருந்தது போலிருந்தது அவளுக்கு. தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் எடுக்கவில்லை.

“பணம் தேவைதாம்மா. ஆஸ்பத்திரி அலைச்சல்ல வண்டி ஓடவே இல்ல. ஆனா நீங்களும் சட்டத்தச் சொல்லித்தான் வாங்குனீங்க. தேதி வெலபோனா ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க.”

அவர் போன பிறகு ஸ்டெல்லாமேரி டிராயரைத் திறந்து பார்த்தாள். ரப்பர் பேண்டும், எழுதாத பேனாக்களும், மெமரி கார்டு ஒன்றும் கிடந்தன.

ராச்சோற்றுக்கு அவர்கள் வீட்டில் சோறு குறைவு. மத்தி மீன் குழம்பில் நீளமான பிரெஞ்சு ரொட்டியைத் தொட்டுத் தின்பது யூஜினுக்கு அவன் அப்பா பழக்கிய பழக்கம். அன்று ரொட்டியைப் பிய்த்தவன் குழம்பில் தொடாமலே வைத்துக்கொண்டிருந்தான்.

“குடுத்துடு ஸ்டெல்லா.”

“எத?”

“அந்தாளு பணத்த.”

“இருந்தா குடுக்க மாட்டனா? நீ தவணையில வாங்கின லென்ஸ எடுத்துக்கினு போயிக் குடுக்கட்டுமா? நாளன்னிக்கு ஆடி பொறக்குது. ஆடியில எவன் வூட்ல கல்யாணம்? பாஸ்போர்ட் சைஸ் எடுத்து இருபத்தஞ்சாயிரம் சேக்கறதுக்குள்ள எனக்கே மாலை போட்ட படம் தேவப்படும்.”

“சட்டத்த யாரு போட்டது? நீதான?”

“நான் போட்ட சட்டத்துலதான்யா நீ ரொட்டி திங்கற.”

யூஜின் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்புக்காகச் சொல்லவில்லை.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் கவிநிலா தானே வந்தாள். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுக் கோரிமேட்டிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டுதான் படியேற முடிந்தது. ஸ்டெல்லாமேரி ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். சித்திரையில் வந்து உட்கார்ந்த அதே நாற்காலி. அப்போது இந்தப் பெண் மாத்திரை கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போய்ச் சீட்டுக் கட்டி எடுத்த பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு மத்தியானம் முழுக்கப் பேரம் பேசினாள். எட்டாயிரம் குறைத்தாள். அதற்கு மேல் ட்ரோனைச் சும்மா போடச் சொன்னாள். சமையலும் மேளமும் அப்பா செலவு, படம் என் சொந்தப் பணத்தில், அதனால் குறைத்தே ஆகவேண்டும் என்று நியாயம் பேசினாள். தோற்றுப்போன பேரத்தை ஸ்டெல்லாமேரி ரசித்தது அந்த ஒருநாள்தான். ‘இவ மட்டும் எங்கப்பன் மண்டியில பொறந்திருந்தா கப்பலே வாங்கியிருப்பா’ என்று யூஜினிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

“அக்கா, அப்பா வந்து கேன்சல் பண்ணிட்டாராமே.”

“ஆமாம்மா. நீ மொதல்ல உக்காரு. ஜூஸ் சொல்லட்டா?”

“வேணாம்க்கா. நீங்க கேன்சல் பண்ணாதீங்க.”

ஸ்டெல்லாமேரி அவளைப் பார்த்தாள். நோயாளி முகம்தான். கண் மட்டும் பேரம் பேசிய நாளின் கண்.

“மதி அவங்க வீட்ல பேசிக்கிட்டிருக்காரு. அவங்கப்பாதான் கொஞ்சம் பிடிவாதம். ஆடி போவட்டும், நான் சரிபண்ணிடறேன்னு சொல்லியிருக்காரு. தெனமும் பேசறாருக்கா. மாத்திரை போட்டியான்னு கேக்காம ஒருநா தூங்கறதில்ல. எங்கப்பா கோவத்துல ஓடியாந்து எல்லாத்தயும் கேன்சல் பண்ணிட்டு வர்றாரு. சமையல்காரரு போயாச்சு, மேளம் போயாச்சு. மண்டபம் அவங்கப்பா பேர்ல இருக்கறதால அது மட்டும் தப்பிச்சிருக்குது. இந்த ஒண்ணு என் பணம்க்கா. நான் திருப்பிக் கேக்க மாட்டேன். தேதி மட்டும் என் பேர்ல இருக்கட்டும். யாரு வந்தாலும் குடுக்காதீங்க.”

வியாபாரக் கணக்கில் இதைவிட நல்ல சேதி கிடையாது. கேட்க வேண்டிய பணத்தை வேண்டாம் என்கிறாள் பார்ட்டி. ஸ்டெல்லாமேரியின் மனசு முதலில் அப்பாடா என்றுதான் சொன்னது. அதையும் மறைக்க வேண்டியதில்லை. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணின் இடுப்பில் இருந்த கையைப் பார்த்தாள்.

“சரிம்மா. உன் தேதி உன்னுதுதான்.”

“நெசமா?”

“மாதா மேல சத்தியம். யாருக்கும் குடுக்க மாட்டேன்.”

கவிநிலா எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பி, “ட்ரோனும் இருக்குதில்ல?” என்றாள். “இருக்குது தாயே” என்றாள் ஸ்டெல்லாமேரி. பஸ் ஸ்டாப்புக்கு நடக்க விடாமல் ஆட்டோ பிடித்து, காசையும் தானே கொடுத்தாள். ஆட்டோக்காரனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

சத்தியத்துக்கு உடனே சோதனையும் வந்தது. பாகூரிலிருந்து ஒரு பார்ட்டி, நெல் வியாபாரம், அதே தேதி. பேரமே பேசாமல் பையைத் திறந்தார் மனிதர். “தேதி போயிடுச்சுங்கண்ணா” என்று ஸ்டெல்லாமேரி சொன்னபோது, உள்ளே ஆல்பம் துடைத்துக்கொண்டிருந்த யூஜின் எட்டிப் பார்த்தான். அவர்கள் போன பிறகு அவள் நெடுநேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போனது பாகூர்ப் பணம் மட்டுமில்லை. அதை வாங்கியிருந்தால் ஜானகிராமனுக்கும் கொடுத்துத் தீர்த்திருக்கலாம். யூஜின் பக்கத்தில் வந்து, “மெர்சி, மதாம்” என்று பிரெஞ்சில் நன்றி சொல்லிக் குனிந்து வணங்கினான். “போய்யா, வயித்தெரிச்சல கெளப்பாத” என்றாள்.

ஆடிப்பெருக்கு அன்று, ஆடியில் நல்ல காரியம் தொடங்குவதற்கென்றே விட்டுவைத்த அந்த ஒரு நாளில், நெடுமாறன் வந்தார். மாப்பிள்ளை அறிவுமதியின் அப்பா. கூடவே மூத்த மகள் மேனகா. முதல்நாள் இரவு இடி மழை. தெருவில் தண்ணீர் நின்றது. இருவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பெண் சொன்னது நிஜம், சமாதானமாகிவிட்டார்கள், தேதியை உறுதிசெய்ய வந்திருக்கிறார்கள் என்று ஸ்டெல்லாமேரி நினைத்தாள். இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

“தேதி நம்மளுது அப்படியே இருக்குதுல்லம்மா?” என்றார் நெடுமாறன்.

“பத்திரமா இருக்குதுங்க. ஒரு பாகூர் பார்ட்டியவே திருப்பி அனுப்பிட்டேன்.”

“அதான் வேணும். ஒங்க நாணயம் தெரியாதா? எல்லாம் பேசினபடியே. பொண்ணு பேரு மட்டும் மாத்தி எழுதிக்குங்க. கடலூரு.”

ஸ்டெல்லாமேரி கையில் பிடித்த துணியோடு நின்றாள்.

“என்னக்கா அப்படிப் பாக்கறீங்க?” என்றாள் மேனகா. “எங்களுக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. நல்ல பொண்ணு. ஆனா ஒரே தம்பிக்கா. வம்சம்னு ஒண்ணு வேணும்ல.”

“அட்வான்ஸு ஏற்கெனவே கட்டியிருக்குது,” என்று நெடுமாறன் விஷயத்துக்கு வந்தார். “இருபத்தஞ்சு. அதக் கழிச்சிட்டு மிச்சத்துக்குப் பேசுவோம்.”

“அது அந்தப் பொண்ணு கட்டினதுங்க.”

“பொண்ணு வீட்டுச் செலவுன்னு பேசி, பொண்ணு வீட்ல கட்டினது. அந்தத் தேதிக்குக் கட்டினது. தேதி மாறல. மண்டபம் மாறல. மாப்ள மாறல. அட்வான்ஸு மட்டும் எதுக்கு மாறணும்?”

கருவாட்டு மண்டியில் வளர்ந்தவள் எத்தனையோ விதமான பேரம் கேட்டிருக்கிறாள். இதில் உள்ள நேர்த்தி அவளுக்கே புரிந்தது. கடலூர்ப் பெண் வீட்டில் படத்துக்கென்று ரொக்கமாக வாங்கியிருப்பார். அதில் இருபத்தைந்தை ஒதுக்கிக்கொள்ளப் பார்க்கிறார். ஒரே கல்யாணத்தில் இரண்டு பெண் வீடு செலவு செய்கிறது.

“ஒரு நிமிசம் இருங்க,” என்று வெளியே போனாள்.

அறிவுமதி எதிர்ப்பக்கம் டீக்கடைத் தகரத்துக்கு அடியில் பைக்கில் உட்கார்ந்து போனைத் தடவிக்கொண்டிருந்தான். பார்க்க நல்ல பையன். கெட்ட பையனாக முகம் இருந்திருந்தால் ஸ்டெல்லாமேரிக்குத் திட்டுவதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“தம்பி, அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?”

“சொல்லணும்க்கா.” அவன் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டான். “ஒடம்பு கொஞ்சம் தேறட்டும்னு பாக்கறேன். இப்ப சொன்னா தாங்க மாட்டா.”

“அவ தேதியக் காவல் காத்துக்கினு இருக்கறா தம்பி.”

“எனக்கும் கஷ்டமாதான்க்கா இருக்குது” என்று சொல்லிவிட்டு, மழைத்தண்ணீரைப் பார்த்தான்.

உள்ளே திரும்பி வந்த ஸ்டெல்லாமேரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்கு இனி இந்தத் தேதி திரும்பாது. பணமாவது திரும்பட்டும் என்று முடிவு செய்துகொண்டாள். முடிவு செய்துவிட்டால் அவள் குரல் தானாக இறங்கிவிடும்.

“அட்வான்ஸு கட்டின கைக்குத்தாங்க திரும்பும். அது என் கடைச் சட்டம். ஒங்களுது புது புக்கிங். லட்சத்து முப்பது.”

“இன்னாம்மா! அன்னிக்கு ஒண்ணு பத்துதான?”

“அன்னிக்குப் பேசினது பொண்ணு. அவளுக்குப் பேசத் தெரிஞ்சது.”

“ஒண்ணு பத்தே போடுங்க.”

“வேற கடையில கேளுங்க. ஆவணியில அந்தத் தேதிக்குக் கேமரா வச்சிருக்கறவன் எவனாவது சும்மா இருக்கானான்னு பாத்துட்டு வாங்க.”

நெடுமாறன் எழுந்தார், உட்கார்ந்தார். மேனகா அவர் காதில் ஏதோ சொன்னாள். ஒண்ணு இருபதில் முடிந்தது. முன்பணம் நாற்பதாயிரம், அப்போதே, ரொக்கமாக. ட்ரோனுக்குத் தனிக் காசு. அவள் வாழ்க்கையில் பேசிய பேரங்களில் இது நல்ல பேரம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் யாருக்கும் ஒரு பைசா நஷ்டமில்லை.

யூஜினிடம் சொன்னபோது அவன் துடைத்துக்கொண்டிருந்த லென்ஸைப் பெட்டிக்குள் வைத்து மூடினான்.

“சத்தியம் பண்ண.”

“பண்ணேன். அவன் வேற பொண்ணக் கட்டப்போறான். நான் தேதிய இறுக்கிப் புடிச்சிக்கினா அவன் கட்டாம இருந்துடுவானா? நாம எடுக்கலன்னா வேற எவனாவது எடுப்பான்.”

“எடுக்கட்டும்.”

“அப்ப அந்தாளுக்கு இருபத்தஞ்சு எங்கேர்ந்து வரும்? பாரீஸ்ல இருக்கற உன் சித்தப்பன் மவன் அனுப்புவானா? கிறிஸ்மஸ்ஸுக்குக் கார்டு அனுப்பறதோட சரி.”

“நான் அவன் மூஞ்சியப் பாத்து ‘ஸ்மைல் ப்ளீஸ்’னு சொல்லணும். அதான?”

“சொல்லாத. சிரிக்காமயே எடு.”

லென்ஸ் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு யூஜின் சொன்னான்: “அவளுக்கு ஜீபேல போட்டு விட்டுடேன்.”

அதையும் அவள் நினைத்துப் பார்த்திருந்தாள். படுக்கையில் இருக்கிற பெண்ணின் போனில் பணம் வந்த மணி அடிக்கும். அந்தச் சத்தமே அவளுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடும். “கையில வாங்கினேன், கையில குடுக்கறேன்” என்றாள்.

மறுநாள் காலையில் மூடிப்போன ஆலைக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டைத் தேடிப்பிடித்தாள். கவரில் நோட்டு, ஒரு பையில் சாத்துக்குடி. பழத்தைப் பாதி வழியில்தான் யோசித்தாள். மாப்பிள்ளை வீட்டாரும் இப்படித்தான் பழம் வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று தோன்ற, ஆட்டோக்காரனிடமே பையைக் கொடுத்துவிட்டாள்.

அம்மா நிர்மலாதேவி அடுப்படியில் ஆட்டுக்கால் சூப்புக்கு மிளகு இடித்துக்கொண்டிருந்தாள். “வாங்க, வாங்க. அவரு வண்டிய எடுத்துக்கினு இப்பத்தான் மார்க்கெட்டு வரைக்கும் போயிருக்காரு. வந்துடுவாரு. காபி போடறேன்” என்று உள்ளே போய்விட்டாள். கவிநிலா கட்டிலில் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கவரை முதலில் பார்த்தாள். பிறகுதான் ஆளை.

“தேதிய வித்துட்டீங்களாக்கா?”

சட்டம் தெரிந்தவளிடம் கவர் பேசிவிட்டது. ஸ்டெல்லாமேரி வழியில் தயார்செய்து கொண்டுவந்ததை எடுத்தாள்.

“காரைக்கால் பார்ட்டிம்மா. பெரிய எடம். நான் இல்லாத நேரத்துல வந்து, எங்க வூட்டுக்காரரு வெவரம் தெரியாம வாக்குக் குடுத்துட்டாரு. திட்டாத திட்டு இல்ல. என்னா பண்றது? அதான் பணத்த…”

“சத்தியம் பண்ணீங்களேக்கா.”

“பண்ணேன்மா.”

கவிநிலா ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஸ்டெல்லாமேரி கட்டிலில் கவரை வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தாள். அழுதால் தோளைத் தொடலாம், எழுந்து போய்விடலாம். ஆனால் அந்தப் பெண் விரல் மடக்கி ஏதோ கணக்குப் போட்டாள். முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சம் வந்தது.

“விடுங்க. ஒருவிதத்துல நல்லதுதான்க்கா. ஆவணியில என்னாலயும் அவ்ளோ நேரம் நிக்க முடியாது. புடவ கட்டினாலே வயிறு இழுக்குது. மதிகிட்ட தை மாசம் வச்சிக்கலாம்னு சொல்லிடறேன். அவங்கப்பாவுக்கும் கோவம் ஆறும்.” கவரை எடுத்து ஸ்டெல்லாமேரியின் மடியில் வைத்தாள். “இத தைக்கு அட்வான்ஸா வச்சிக்கங்க. ஆனா தப்பு ஒங்களுது. அதுக்கு அபராதம் உண்டு. அம்மா வீட்டுக்குன்னு இன்னொரு ஆல்பம் சும்மா தரணும். சின்னதா இல்ல, பெருசா.”

“கவி…”

“பேரம் பேசாதீங்கக்கா. நீங்க பேச முடியாது இப்ப.”

ஸ்டெல்லாமேரியின் மடியில் கவர் கிடந்தது. முன்பணம் என்று ஒருவர் நீட்டி அவள் கை பின்வாங்கியது அவள் பிறந்த குலத்திலேயே நடந்திருக்காது. கவரை எடுத்து மறுபடி கட்டிலில் வைத்தாள்.

“வேணாம்மா. பணம் உங்கிட்டயே இருக்கட்டும்.”

“ஏங்க்கா, கோவமா? சரி, சின்ன ஆல்பமே குடுங்க.”

“அதில்லம்மா. எனக்கு இந்த அட்வான்ஸ் வேணாம்.”

“அட்வான்ஸ் வேணாம்னு சொல்ற ஸ்டூடியோக்காரங்கள மொதமொதல்ல பாக்கறேன்” என்று கவிநிலா சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஸ்டெல்லாமேரியின் முகத்தைப் பார்த்தவள், பார்வையை எடுக்கவில்லை. சிரிப்பு வாயில் இருந்தது. பிறகு அதுவும் இல்லை.

“காரைக்கால் பார்ட்டி பேரு என்னாக்கா?”

ஒரு பேர். ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறது. காலையிலிருந்து ராத்திரிவரை பேசிப் பிழைக்கிற வாய்க்கு ஒரு பேர் வரவில்லை.

“பொண்ணு எந்த ஊரு?”

“கடலூரு.”

“எப்ப வந்தாங்க?”

“நேத்து. காலையில.”

“அவரும் வந்தாரா?”

“வெளிய வண்டிலயே ஒக்காந்திருந்தாரும்மா. உள்ள வரல.” உள்ளே வராததை அவனுக்குச் சாதகமாகச் சொல்வது போல் ஸ்டெல்லாமேரி சொன்னாள்.

“என்னா பண்ணிக்கிட்டிருந்தாரு?”

“போன் பாத்துக்கினு இருந்தாரு.”

கவிநிலா தலையணைப் பக்கத்திலிருந்த போனை எடுத்து நேற்றைய காலைக்குப் போனாள். ரொம்ப தூரம் தள்ள வேண்டியிருக்கவில்லை.

“சாப்டியான்னு கேட்டிருக்காருக்கா,” என்றாள். “நானும் சாப்டேன், நீங்க சாப்டீங்களான்னு கேட்டிருக்கேன்.”

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். தையல் இழுத்திருக்க வேண்டும், ஸ் என்று ஒரு சத்தம் வந்தது. அதற்குப் பிறகு அதுவும் வரவில்லை. நிர்மலாதேவி காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “தூங்கிட்டாளா? மாத்திரை அசத்துது” என்று குரலைத் தாழ்த்திச் சொல்லிப் போனாள்.

வாசலில் டாட்டா ஏஸ் வந்து நின்றது. ஜானகிராமன் தலைத்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்தார். கட்டிலில் கவரையும், நாற்காலியில் ஸ்டெல்லாமேரியையும் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது. அதாவது, பணம் வந்த விஷயம்.

“தேதி வெலபோயிடுச்சாம்மா?”

“போயிடுச்சுங்கண்ணா.”

“பாத்தியா நிர்மலா! நான் சொல்லல?” அவர் முகம் ரொம்ப நாளைக்குப் பிறகு மலர்ந்தது. “சமையல்காரன் தரல, மேளக்காரன் தரல, போன எடுக்கறதே இல்ல. வூடு தேடி வந்து குடுக்கறாங்க பாரு. மனுசங்க இருக்கத்தான் செய்யறாங்க. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கணும்னு ஒக்காந்திருந்தேன்மா. கடவுள் மாதிரி வந்தீங்க.”

“அப்படிலாம் சொல்லாதீங்கண்ணா.”

“சொல்லணும்மா. நல்லது பண்ணா சொல்லத்தான் வேணும்.” கவரை எடுத்து அப்படியே சட்டைப் பையில் வைக்கப் போனார்.

“எண்ணி வாங்குப்பா,” என்றாள் கவிநிலா, சுவரைப் பார்த்தபடி.

“தூங்கலியா நீ? சேச்சே. இவங்க பணத்தப் போயி எண்றதா?”

“எண்ணுப்பா.”

ஜானகிராமன் சங்கடத்தோடு ஸ்டெல்லாமேரியைப் பார்த்துச் சிரித்தார். “ஒடம்பு சரியில்லாததுலேர்ந்து இப்படித்தான், எல்லாத்துக்கும் ஒரு பிடிவாதம். தப்பா நெனச்சிக்காதீங்கம்மா.” கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, விரலை எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தார். ஸ்டெல்லாமேரி எழுந்துவிட்டாள். எண்ணி முடிக்காமல் கொடுத்தவர் கிளம்பக் கூடாது என்பது அவளுக்கு மண்டியிலேயே சொல்லிக்கொடுத்த முறை. நின்றாள். காபியில் ஆடை படிந்தது. பாதியில் அவர் தலைநிமிர்ந்து, “உங்க நல்ல மனசுக்குப் புள்ளைங்க நல்லா இருப்பாங்கம்மா” என்றார். சொன்னதில் எண்ணிக்கை தவறிப்போனது. நோட்டுகளை மறுபடி ஒன்றாகத் தட்டி அடுக்கி, முதலிலிருந்து தொடங்கினார்.